ஸ்கியின் மேல் எங்கே நிற்பது?

பனிச்சறுக்குக்கு ஸ்கி வாங்கப் போகிறேன், எதை எடுக்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களோடுதான் வருகிறார்கள். நீளம் எத்தனை சென்டிமீட்டர், இடுப்பு, அதாவது ஸ்கியின் ஒல்லியான நடுப்பகுதி, அகலம் எத்தனை மில்லிமீட்டர். மூன்றாவதாக ஒரு எண் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கடையிலும் தானாக எடுத்துச் சொல்கிறவர்கள் குறைவு. ஸ்கியின் சரிபாதியிலிருந்து எவ்வளவு பின்னால் தள்ளி நம்முடைய பூட் உட்காரப் போகிறது என்கிற எண் அது. ஒரு புது ஸ்கியைப் பற்றிப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான். நீளமும் அகலமும் அந்த ஸ்கி எந்தப் பனிக்கு என்று சொல்லும். எப்படி நிற்கிறவரை மனதில் வைத்து அதைச் செய்தார்கள் என்பதை இந்த மூன்றாவது எண் சொல்லிவிடும்.

கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்குக்குப் போகும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர். இங்கே பள்ளிகளில் குளிர்காலத்தில் ஒரு வாரம் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகும் ஸ்கிலாகர் என்ற வழக்கம் உண்டு. அங்கே பழகிவிட்டு வந்து அப்பா அம்மாவையும் இழுத்துக்கொண்டு போன பிள்ளைகள் எனக்குத் தெரிந்த வீடுகளிலேயே இருக்கிறார்கள். வாடகை ஸ்கியில் நாலைந்து குளிர்காலம் ஓட்டிய பிறகு சொந்தமாக ஒரு ஜோடி வாங்கும் நேரம் வரும், அப்போதுதான் இந்தக் கேள்வியெல்லாம் கிளம்பும். நான் இருப்பது லூசர்னில், பனிச்சறுக்கு ஊரான எங்கெல்பெர்க்குக்கு அங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். அந்த ஒரே மலையில் காலையில் கண்ணாடி மாதிரி இறுகிய பாதை, மதியம் லாவுப் சரிவில் மிதிபட்டுக் குதறிப்போன பனி, நாலு மணிக்குக் கீழே வரும்போது ஈரக் குழம்பு என்று எல்லாமே ஒரு நாளுக்குள் கிடைக்கும். ஒரு ஸ்கி எதற்கு ஒத்துவரும், எதற்கு வராது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் வேண்டியதில்லை.

முதலில் அளவு. ஸ்கி பூட்டின் பக்கவாட்டில், அடிப்பகுதியின் ஓரமாக, ஒரு சின்னக் கோடோ அம்புக்குறியோ இருக்கும். பூட் அடியின் நடுப்புள்ளி அது. பக்கத்திலேயே 305 என்றோ 297 என்றோ ஓர் எண் இருக்கும், அது அடியின் மொத்த நீளம், மில்லிமீட்டரில். ஸ்கியின் மேல்புறத்திலும் ஒரு கோடு போட்டிருப்பார்கள். இந்த இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி துளையிட்டு, பூட்டை ஸ்கியோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கைப் பொருத்தினால் அது தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் இடம். சில ஸ்கிகளில் ஒரே கோடுதான். சிலவற்றில் முன்னும் பின்னுமாக வரிசையாகக் கோடுகள், பரிந்துரைக் கோடு மட்டும் தடிமனாக. லைன் நிறுவனத்தின் ஸ்கிகளில், அவற்றை வடிவமைத்த வீரர் எரிக் பொல்லார்ட் தனக்குப் பிடித்த இடம் எது என்று தன் பெயரிலேயே தனிக் கோடு வைத்திருந்தார், பரிந்துரைக் கோட்டுக்கு நன்றாக முன்னால். ஆக, ஒரே ஸ்கியில் நியாயமான இடம் ஒன்றுக்கு மேல் இருக்க முடியும்.

அந்தக் கோடு ஸ்கியின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளப்பது சுலபம். டேப்பை முனையிலிருந்து வால்வரை நேராக இழுத்துப் பிடித்து, வருவதை இரண்டால் வகுத்தால் நடு கிடைத்துவிடும். அங்கிருந்து பின்பக்கம் போவதை மைனஸ் என்று சொல்வது வழக்கம்: மைனஸ் 2, மைனஸ் 6, மைனஸ் 11 என்று, எல்லாம் சென்டிமீட்டரில். ஸ்கியின் மேல் எழுதியிருக்கும் நீளத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 184 என்று எழுதியது டேப்பில் 182தான் வரலாம், இன்னொரு நிறுவனத்தின் 184 கொஞ்சம் கூடவே வரலாம், ஏனென்றால் சிலர் நேராக அளக்கிறார்கள், சிலர் அடிப்பரப்பின் வளைவோடு ஒட்டி அளக்கிறார்கள். இரண்டு ஸ்கிகளை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் நம் டேப்பாலேயே அளப்பதுதான் ஒரே வழி.

இந்த எண் ஏன் இவ்வளவு மாறுகிறது என்றால், அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பழைய நேர் ஸ்கிகளின் காலத்தில், அதாவது இரண்டு மீட்டரைத் தாண்டிய குச்சிகளில் எல்லோரும் ஓட்டிய காலத்தில், பூட்டின் முன்நுனியை ஸ்கியின் நடுப்பகுதியில் வைப்பது ஒரு பரவலான முறை. அப்படி வைத்தால் பூட்டின் நடு தானாகவே பதினைந்து சென்டிமீட்டர் அளவுக்குப் பின்னால் போய்விடும். முன்னால் நீளமாக ஸ்கி கிடக்கும், கணைக்காலால் பூட்டின் நாக்கை அழுத்தி அந்த நீளத்தை வளைக்க வேண்டும், வளைந்தால் திரும்பும். 1993இல் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் எஸ்சிஎக்ஸ் ஸ்கியைக் கொண்டுவந்து, முனையும் வாலும் அகலம், இடுப்பு ஒல்லி என்று பக்கவாட்டு வளைவை ஆழமாக வெட்டிய பிறகு, விளிம்பில் சாய்த்தாலே ஸ்கி தானாகத் திரும்ப ஆரம்பித்தது. நீளம் மளமளவென்று குறைந்தது. ஆனாலும் நிற்கும் இடம் பின்னால்தான் இருந்தது, ஏனென்றால் எல்லோரும் முன்னோக்கி மட்டுமே ஓட்டினார்கள்.

அதை மாற்றியவர்கள் கனடாவின் இளைஞர்கள். மைக் டக்ளஸ், ஜேபி ஓக்லேர் உள்ளிட்ட சிலர், பனிமேடுகள் நிறைந்த சரிவில் ஓட்டும் மொகல் போட்டிகளிலிருந்து வந்தவர்கள், ஸ்னோபோர்டுக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்த, தாவுமேடுகள் உள்ள பனிப் பூங்காக்களில் ஸ்கியோடு இறங்கினார்கள். பின்பக்கமாகக் குதித்து, பின்பக்கமாகவே இறங்க வேண்டுமென்றால் வாலும் முனை மாதிரியே மேலே வளைந்திருக்க வேண்டும். 1998இல் சாலமன் நிறுவனம் அவர்களோடு சேர்ந்து டென்-எய்ட்டி என்ற இருமுனை ஸ்கியை வெளியிட்டது. இருபுறமும் ஓட்டும் ஸ்கியில் பதினைந்து சென்டிமீட்டர் பின்னால் நின்றுகொண்டிருந்தால் காற்றில் சுழலும்போது முன்பக்கம் கனமாக இழுக்கும், பின்பக்கமாக இறங்கும்போது ஊன்றிக்கொள்ள ஸ்கியே இருக்காது. அதனால் பைண்டிங் நடுவை நோக்கி நகர்ந்தது. இன்றைக்குப் பூங்கா ஸ்கிகளில் பூஜ்யத்திலிருந்து மைனஸ் 3க்குள் நிற்பது சாதாரணம்.

இன்னொரு பக்கம் ஷேன் மக்கான்கி என்ற பனிச்சறுக்கு வீரர். ஆழமான பனியில் ஸ்கி மிதக்க வேண்டும், விளிம்பு கடிக்க வேண்டியதில்லை என்று அவர் உறுதியாக நம்பினார். நீர்ச்சறுக்கு ஸ்கிகளிலேயே பைண்டிங் பொருத்தி அலாஸ்காவின் மலைகளில் ஓட்டிப் பார்த்தவர் அவர். அந்த எண்ணத்திலிருந்து 2002 வாக்கில் வோலன்ட் நிறுவனத்தின் ஸ்பாட்சுலா ஸ்கி வந்தது: நடுவில் அகலம், முனையும் வாலும் ஒடுக்கம், இரண்டு பக்கமும் மேல்நோக்கி வளைவு, அதுவரை எல்லோரும் செய்துவந்ததற்கு நேர் எதிர். இன்று கடையில் கிடைக்கும் அநேகமாக எல்லா அகல ஸ்கிகளிலும் இருக்கும் ராக்கர் வளைவுக்கு அந்த ஸ்கி ஒரு முக்கியமான மூதாதை. முனை தானாகவே மேலே ஏறும் என்றால் அதை மேலே தூக்கி வைக்கப் பின்னால் சாய்ந்து நிற்க வேண்டியதில்லை. அங்கேயும் நிற்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வரத் தொடங்கியது.

சரி, முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதும் காலுக்கு என்ன செய்கிறது? முன்னால் நகர்ந்தால், அதாவது நடுவை நோக்கிப் போனால், பூட்டுக்கு முன்னால் ஸ்கி குறையும், பின்னால் வால் கூடும். திருப்பம் சட்டென்று தொடங்கும், நின்ற இடத்திலேயே ஸ்கியைச் சுழற்ற முடியும், மரங்களுக்கு நடுவில் கால் லேசாக இருக்கும். ஆனால் கனத்த பனியில் முனை கீழே போகும் அபாயம் கூடும், வேகத்தில் முன்னால் தாங்க ஒன்றும் இல்லாத மாதிரி தோன்றும், நீண்ட வால் திருப்பத்தின் முடிவில் விட்டுக்கொடுக்காமல் இழுத்துக்கொண்டே போகும். பின்னால் நகர்ந்தால் இதெல்லாம் தலைகீழ். முன்னால் நீளம் இருப்பதால் குதறிய பனியை வெட்டிக்கொண்டு போகும், பவுடரில், அதாவது புதிதாக விழுந்த மென்பனியில், முனை மேலே நிற்கும், வால் குட்டையாக இருப்பதால் திருப்பத்தை எளிதாக முடித்துவிடலாம். விலை என்னவென்றால், முன்பக்கம் அழுத்தாமல் அந்த ஸ்கி திரும்பாது. சோர்ந்துபோய்ப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் அது உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இதில் மிக முக்கியமானது நிற்கும் பழக்கம். பந்தயப் பயிற்சியில் வளர்ந்தவர்கள், பழைய பள்ளியில் கற்றவர்கள், கணைக்காலை பூட்டின் நாக்கில் சாய்த்து முன்னால் அழுத்தியே ஓட்டுவார்கள். பூங்காவிலோ ஸ்னோபோர்டிலோ தொடங்கியவர்கள் கணுக்காலைத் தளர்வாக வைத்து, ஸ்கியின் நடுவில் நின்று, வழுக்கியும் வாரியும் வேகத்தைக் குறைப்பார்கள். இரண்டுமே நல்ல பனிச்சறுக்குதான், ஒன்று உயர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதல் வகைக்காரரை மைனஸ் 3இல் நிற்கவைத்தால் முனைக்கு மேல் கவிழ்ந்துவிடுவோமோ என்றே தோன்றிக்கொண்டிருக்கும், இரண்டாம் வகைக்காரரை மைனஸ் 12இல் நிற்கவைத்தால் ஸ்கி கேட்கவே மாட்டேன் என்கிறது என்பார். இருவரும் ஸ்கியைக் குறை சொல்வார்கள், இரண்டிலும் ஸ்கி நல்ல ஸ்கியாகவே இருக்கும்.

நகர்த்தக்கூடிய டெமோ பைண்டிங் இருந்தால் இதை ஒரே நாளில் உணர்ந்துவிடலாம். முன்பக்கமும் பின்பக்கமும் தண்டவாளத்தில் நகரும் வகை. கடைகளில் சோதனை ஸ்கிகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். இடுப்பு 98 மி.மீ., நீளம் 180, பரிந்துரைக் கோடு மைனஸ் 7 உள்ள ஒரு ஸ்கியை அப்படி எடுத்துக்கொண்டு எங்கெல்பெர்க்கில் ட்ரூப்ஸேவிலிருந்து யோக்பாஸுக்குப் போகும் நாற்காலி லிஃப்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். ஒரே பாதை, ஒரே வேகம், இடத்தை மட்டும் மாற்றி. கோட்டின் மேலேயே நின்றபோது விளிம்பு ஒரே சீராகக் கடித்தது, திருப்பத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே அளவு இழுத்தன. ஒரு சென்டிமீட்டர் முன்னால் போனதும் வித்தியாசம் சின்னது, ஆனால் தெளிவு: தொடக்கம் விரைவு, குட்டைத் திருப்பங்கள் இன்னும் சந்தோஷம். இரண்டு சென்டிமீட்டர் முன்னால் போனபோது பாதையில் இன்னமும் நன்றாகவே இருந்தது, ஓரத்தில் குவிந்திருந்த மெத்தைப் பனியில் இறங்கியவுடன் முனை இறங்கி உடம்பு முன்னால் இழுபட்டது. மூன்றில், அது வேறு ஸ்கி. வேகத்தில் முன்பக்கம் படபடத்தது, திருப்பத்தை முடிக்க வாலை வேண்டுமென்றே தள்ளிவிட வேண்டியிருந்தது. பிறகு கோட்டுக்குப் பின்னால் ஒன்றரை வைத்துப் பார்த்தேன். குதறிய பனியில் பிரமாதம், ரயில் மாதிரி போனது. இறுகிய பாதையில் திருப்பத்தைத் தொடங்க ஒவ்வொரு முறையும் வேலை செய்ய வேண்டியிருந்தது, தொடை அதை உடனே சொல்லிவிட்டது.

அன்றைக்குக் கிடைத்த முடிவு எனக்கு இன்றும் மாறவில்லை. கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்துவது சட்டையின் கை நீளத்தைச் சரிசெய்வது போல. மூன்று நகர்த்த வேண்டும் என்று தோன்றினால் அது உங்களுடைய ஸ்கி கிடையாது, வேறு ஸ்கியை வாங்குங்கள். காரணம் எளிமையானது. கோட்டை யாரும் தனியாக முடிவுசெய்வதில்லை. பக்கவாட்டு வளைவின் ஒல்லியான இடம் எங்கே, மரக்கருவின் தடிமன் எங்கே கூடிக் குறைகிறது, முன் ராக்கர் எவ்வளவு தூரம் ஓடுகிறது, வால் தட்டையா வளைந்ததா, இதெல்லாம் அந்தக் கோட்டோடு சேர்த்தே வரையப்பட்டவை. நாம் கோட்டை மட்டும் நகர்த்தினால் இவையெல்லாம் பழைய இடத்திலேயே நிற்கும். மைனஸ் 11 ஸ்கியில் மைனஸ் 6இல் பொருத்திவிட்டால் அது விளையாட்டுத்தனமான ஸ்கியாக மாறாது. முனை பயந்த, வால் முரண்டுபிடிக்கும் மைனஸ் 11 ஸ்கியாகத்தான் இருக்கும். அதனால்தான் வாங்கும் முன்பே அந்த எண்ணைப் பாருங்கள் என்கிறேன். வாங்கிய பிறகு அதற்கு மருந்து கொஞ்சம்தான்.

இனி எந்த ஓட்டத்துக்கு எது. பாதையில் விளிம்பில் சாய்ந்து கார்விங் செய்வதுதான் உங்களுக்குச் சந்தோஷம் என்றால் இடுப்பு 65க்கும் 75க்கும் நடுவில், கோடு மைனஸ் 10ஐத் தாண்டி, உள்ளே உலோகத் தகடு உள்ள ஸ்கி. எங்கள் லூசர்ன் மாநிலத்திலேயே, மால்ட்டர்ஸில், ஸ்டோக்லி தொழிற்சாலை இருக்கிறது, 1935இல் தொடங்கிய நிறுவனம். நிட்வால்டனைச் சேர்ந்த மார்கோ ஓடர்மாட் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜயன்ட் ஸ்லாலோம் தங்கத்தை அவர்களுடைய ஸ்கியில்தான் வென்றார். ஆனால் அவர் ஓட்டும் போட்டி ஸ்கி நமக்கு வேண்டாம். உலகக்கோப்பை ஜயன்ட் ஸ்லாலோமில் ஸ்கியின் பக்கவாட்டு வளைவின் ஆரம் குறைந்தது 30 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த வட்டத்தை முடிக்க இடமே கிடைக்காது. 13 முதல் 17 மீட்டர் ஆரம், நெற்றி உயரத்துக்கு நீளம், கோடு எங்கே இருக்கிறதோ அங்கேயே நில்லுங்கள். இந்த வகை ஸ்கிகள் பெரும்பாலும் தட்டோடும் தண்டவாளத்தோடும் வருகின்றன, பொருத்துமிடத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை, நகர்த்தினால் விளிம்பின் சமநிலை கெடும்.

பாதியைப் பாதையிலும் பாதியை ஓரத்திலும் ஓட்டுகிறவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பான்மைக்கு, 88 முதல் 98. இதற்கு மேல் அகலம் எடுத்து இறுகிய பாதையில் நாள் முழுக்க ஓட்டினால் முழங்கால் கஷ்டப்படும். விளிம்பு பூட்டுக்கு வெளியே எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நெம்புகோல் நம் காலுக்கு எதிராக வேலை செய்கிறது. இந்த வகையில்தான் பொருத்துமிடம் உண்மையிலேயே முடிவைத் தீர்மானிக்கிறது. 95 மி.மீ. இடுப்பு, 180 நீளம் என்று காகிதத்தில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு ஸ்கிகளில் ஒன்று மைனஸ் 5, இன்னொன்று மைனஸ் 10 என்று இருக்கும். முதலாவது நடுவில் நின்று குதித்து விளையாடுகிறவருக்கு, இரண்டாவது சாய்ந்து அழுத்தி வேகமாகப் போகிறவருக்கு. கடையில் இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே விலைச்சீட்டோடு நிற்கும். நான் அழுத்தி ஓட்டுகிறவன், எனக்கு மைனஸ் 8 முதல் 10 வரை நிம்மதி.

ஆழமான பனிக்கு 105க்கு மேல். அண்டர்மாட்டின் கெம்ஸ்டாக், 2,961 மீட்டர், வடக்குப் பார்த்த செங்குத்து, புதுப்பனி விழுந்த காலையில் முதல் கேபிள் காருக்கு வரிசை விடியும் முன்பே நிற்கும். அங்கே நான் கற்றுக்கொண்டது, முதல் இறக்கத்துக்கு எந்த ஸ்கியும் நன்றாகத்தான் இருக்கும். மூன்றாவது இறக்கத்தில், எல்லோரும் மிதித்துக் குதறிய பிறகு, காற்று இறுக்கிய திட்டுகள் கலந்த பிறகு, அப்போதுதான் ஸ்கி தெரியும். அந்தப் பனியில் எனக்கு முன்னால் நீளம் வேண்டும், கொஞ்சம் எடையும் வேண்டும். பவுடருக்கு என்று மட்டும் பைண்டிங்கைப் பின்னால் தள்ளிப் பொருத்துவது பழைய பழக்கம். ஒல்லியான ஸ்கிகளில் முனையை மேலே வைக்க வேறு வழியில்லாத காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. முன் ராக்கர் நன்றாக உள்ள இன்றைய அகல ஸ்கியில் அதற்கு அவசியம் இல்லை.

பூங்காவில் ஓட்டுகிறவர்களுக்கு என் அனுபவம் குறைவு, அதனால் சுருக்கமாக: லாக்ஸுக்குப் போய் அங்கே பெரிய தாவுமேடுகளில் ஆடும் பிள்ளைகளின் ஸ்கிகளைப் பார்த்தால் பைண்டிங் கிட்டத்தட்ட நடுவிலேயே இருக்கும். நாள் முழுக்கப் பூங்கா என்றால் அது சரி. பூங்காவும் மலையும் கலந்து என்றால் மைனஸ் 3 அல்லது 4 போதும்.

இப்போது பூட். பைண்டிங்கை நகர்த்தலாமா என்று யோசிக்கிறவர்களிடம் நான் முதலில் பூட்டைக் காட்டச் சொல்வேன். எப்போதும் பின்னால் உட்கார்ந்த மாதிரியே இருக்கிறது என்ற குறைக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு அளவு பெரிய பூட். குதிகால் உள்ளே தூக்கிக்கொண்டால் கணைக்கால் நாக்கை அழுத்தவே முடியாது, எந்தக் கோட்டில் நின்றாலும் முனைக்குச் செய்தி போகாது. அப்புறம் பாத அளவு. பூட்டின் நடுக்கோடு அடியின் நடுவைக் காட்டுகிறது, நாம் சமநிலையைத் தாங்குவதோ விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில். பெரிய பாதத்தில் அந்த மேடு நடுக்கோட்டிலிருந்து அதிக தூரம் முன்னால் இருக்கும், சின்னப் பாதத்தில் குறைவு. ஆக, ஒரே ஸ்கியில் ஒரே கோட்டில் பொருத்தினாலும் சின்னப் பாதக்காரர் உண்மையில் கொஞ்சம் பின்னால்தான் நிற்கிறார். அமெரிக்காவில் ஜீனி தோரன் என்பவர் பெண்களின் ஸ்கிகளில் பைண்டிங்கை முன்னால் நகர்த்த வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகப் போராடினார், நிறுவனங்கள் மெல்ல அதை ஏற்றுக்கொண்டன. ஆண்களுக்கான ஸ்கியை வாங்கும் சின்னப் பாதப் பெண்களுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

பூட்டை மாற்றும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான பைண்டிங்குகளில் முன்பகுதி திருகாணியில் நிலையாக இருக்கும், பின்பகுதி மட்டும் நகரும். 305 பூட்டிலிருந்து 315 பூட்டுக்கு மாறினால் பின்பகுதி 10 மி.மீ. பின்னால் போகும், அப்போது பூட்டின் நடு 5 மி.மீ. பின்னால் போய்விட்டது. அரை சென்டிமீட்டர் பெரிதில்லை. ஆனால் ஸ்கியைக் கைமாற்றி வாங்கி, முன்பிருந்தவரின் பூட் உங்களுடையதைவிட 30 மி.மீ. நீளம் என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால் நிற்கிறீர்கள். யாரும் எதையும் துளையிடாமலேயே இடம் மாறியிருக்கும்.

மலையேறிச் சறுக்கும் டூரிங்கில் இன்னொரு விஷயம் சேர்கிறது. முள் வைத்துப் பிடிக்கும் லேசான பைண்டிங்குகள் பலவற்றில் குதிகால் விரல்நுனியைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கும். அதுவே உடம்பை முன்னால் தள்ளுகிறது, அதோடு கோட்டையும் முன்னால் நகர்த்தினால் இறங்கும்போது தொடை எரியும். டூரிங் ஸ்கியில் நான் கோட்டைவிட்டு அசைவதில்லை.

துளையிடுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதுதான் திரும்ப எடுக்க முடியாத வேலை. எந்தத் துளைப்பான் வேண்டும் என்று ஸ்கியின் மேலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும்: உலோகத் தகடு உள்ளதற்கு 4.1 மி.மீ., இல்லாததற்கு 3.6 மி.மீ., ஆழம் 9 மி.மீ. அதற்கு மேல் ஆழமாகப் போனால் அடிப்பரப்பில் புடைப்பு வரும். கடையில் உலோகச் சட்டம் வைத்துத் துளையிடுவார்கள், அது பூட்டின் அடி நீளத்தை வைத்தே நடுவைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எந்தக் கோடு வேண்டும் என்று மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் குறித்துக் கொடுங்கள், பூட்டையும் கூடவே கொடுங்கள். வாயால் சொல்லி விட்டுவந்தால், பல கோடுகள் உள்ள ஸ்கியில், எது பரிந்துரைக் கோடு என்று அவர்கள் நினைக்கிறார்களோ அதில்தான் வரும். வீட்டிலேயே, துளைகளின் இடம் குறித்த காகித அச்சு வைத்துப் பொருத்துகிறவர்கள் உண்டு, நிதானமாகச் செய்தால் நன்றாகவே வரும். துளையிட்ட பிறகு பசை ஊற்றுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், துளைக்குள் தண்ணீர் போனால் மரக்கரு அழுகும்.

பொருத்தியது யாராக இருந்தாலும், விழும்போது பைண்டிங் பூட்டை விடுவிக்கும் அழுத்தத்தை இயந்திரத்தில் சோதிக்காமல் மலைக்குப் போகாதீர்கள். எடை, உயரம், வயது, பூட் அடி நீளம், எப்படி ஓட்டுகிறீர்கள் என்ற வகை, இந்த ஐந்தையும் வைத்து ஐஎஸ்ஓ 11088 அட்டவணைப்படி ஓர் எண் வரும், இங்கே அதை இஸட் மதிப்பு என்கிறார்கள். விபத்துத் தடுப்பு அமைப்பான பிஎஃப்யூ பரிந்துரைக்கிறபடி பைண்டிங்கை ஆண்டுதோறும் சோதித்துக்கொள்வது இந்த நாட்டின் நல்ல பழக்கங்களில் ஒன்று. பெற்றோருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுவே. ஸ்கிலாகருக்குப் போகும் பிள்ளைக்குப் பொருத்துமிடம், ராக்கர், ஆரம் எதுவும் வேண்டாம். தாடைக்கும் மூக்குக்கும் நடுவில் நீளம், காலைப் பிடிக்கும் பூட், சரியான எடையைச் சொல்லிச் சரிசெய்த பைண்டிங். பிள்ளையின் எடையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள்.

கடைசியாகப் பழைய ஸ்கி. நல்ல ஸ்கிகள் பாதி விலைக்கு வசந்தத்தில் வரும், நானும் அப்படித்தான் வாங்குகிறேன். பைண்டிங் இல்லாமல் வந்தால் துளைகளைப் பாருங்கள். புதுத் துளைக்கும் பழைய துளைக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் போல இடைவெளி வேண்டும், அதனால் உங்களுக்கு வேண்டிய கோட்டில் பொருத்த முடியாமல் போகலாம். விற்பவரிடம் அவருடைய பூட் அடி நீளத்தையும் பைண்டிங்கின் பெயரையும் கேளுங்கள். அந்த பைண்டிங்கின் காகித அச்சை ஸ்கியின் மேல் வைத்தால் உங்கள் துளைகள் எங்கே விழும் என்று வாங்கும் முன்பே தெரிந்துவிடும். மோதுகிறது என்றால் அரை சென்டிமீட்டர் முன்னாலோ பின்னாலோ போகலாம், அது உங்கள் காலுக்குத் தெரியாது. அதற்கு மேல் போக வேண்டியிருந்தால் வேறு பைண்டிங்கின் துளை அமைப்பைப் பாருங்கள், பெரும்பாலும் ஏதாவது ஒன்று பழைய துளைகளுக்கு நடுவில் உட்காரும். ஏற்கெனவே இரண்டு முறை துளையிட்டு, இரண்டுமே என் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் அந்த ஸ்கியை விட்டுவிடுகிறேன்.